எழுத்துப் பிழை இல்லாமல்

நன்யூகி விமானத்தளத்திலிருந்து பேசுகிறேன் என்றான்.
இளங்குரல். பின்னால் ஏதோ எஞ்சின் உறுமல்.
நான் அரவை மில்லில் நின்றிருந்தேன்,
புருவம்வரை சோளமாவு.

உங்கள் மனைவி பெயரை
ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா ஐயா,
குண்டில் எழுதுகிறோம்.
பேருந்தில் செத்த பத்தொன்பது பேருக்கும்
ஆளுக்கொன்று.

ஆளுக்கொன்று.
கல்யாண வீட்டில் தட்டு எண்ணுகிறவன்போலச் சொன்னான்.

மில்லை நிறுத்திவிட்டுச் சொன்னேன்,
சத்தத்தில் ஓர் எழுத்தும் விழுந்துவிடக் கூடாதென்று.
ஸ்யோம்புவா.
'சி' இல்லை தம்பி, 'ஸ்யோ'.
திருப்பிச் சொல்லச் சொல்லி
சரிபார்த்துக்கொண்டேன்.
எதால் எழுதுவீர்கள் என்றும் கேட்டேன்.

சாக்பீஸ், ஐயா.

வடக்கே அந்த எல்லையோரப் பள்ளிக்கூடத்துக்கு
அரசாங்கம் அனுப்பாத சாக்பீஸை
கிட்டுயி கடைத்தெருவில் பெட்டி பெட்டியாய் வாங்கிப் போவாள்.
விடுமுறைக்கு அவள் ஏறிய பேருந்திலிருந்து
பை மட்டும் வீடு வந்தது.
உதறினால் இன்னும் வெள்ளையாய்த் தும்முகிறது.

அன்றிரவு செய்தியில் காட்டினார்கள்.
மேலிருந்து எடுத்த படம்: சாம்பல் நிலம்,
நடுவில் திடீரென ஒரு பூ, சத்தமே இல்லாமல்.
பக்கத்து வீட்டு மூசெம்பி பீர் வாங்கி வந்தான்.
குடித்தேன்.
பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கினேன்,
அவள் போன பிறகு முதல் தடவையாக,
வாய் பிளந்து, கால் செருப்போடு.

அவர்களைக் கொல்லாதே என்று
நான் எங்கும் சொன்னதில்லை.
பேருந்தை மறித்து, ஆட்களைத் தரம் பிரித்து,
மணலில் குப்புறப் படுக்க வைத்தவர்கள்.
இப்போதும் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
மழையில் பிறந்தவள் என்று பொருள்.
அவள் பிறந்த ராத்திரி ஓடை பெருகி
மருத்துவச்சி அக்கரையிலேயே நின்றுவிட்டாளாம்.

எல்லைக்கு அப்பால், கெடோவில்,
மூன்று வருஷமாய் ஒரு தூறல் இல்லை.
ஒட்டகமே முட்டி மடங்கிச் சாகிறதாம்.
அங்கே வானம் உறுமினால்
ஓடுவார்களா,
முதலில் அண்ணாந்து பார்ப்பார்களா?

மாவு வாங்க வரும் வார்சமே சொன்னதுதான் இதெல்லாம்.
பேருந்துச் செய்தி வந்த மறுநாள்
எங்கள் ஆட்கள் அவர் கடைக் கதவை நெளித்தபோது
நான் தடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தேன்.
அதை அவரும் பார்த்தார்.
அக்கா மகன் ஆடு ஓட்டிப் போனவன், பதினோரு வயது,
இன்னும் தேடுகிறார்கள் என்றார்.
பெயர் என்ன என்று கேட்டிருக்க வேண்டாம்.
ரோப்ளே.
என்ன அர்த்தம் என்றும் கேட்டிருக்க வேண்டாம்.

மழையோடு வந்தவன்.

இரண்டு கிலோ கேட்டவருக்கு
எவ்வளவு போட்டேனோ.

விழுகிற வேகத்தில் சாக்பீஸ் எழுத்து நிற்குமா?
பாதி வழியிலேயே காற்று துடைத்திருக்குமா?
அந்தத் தம்பியைக் கேட்கலாமென்றால்
போனில் அவன் எண் விழவில்லை.

ஓர் எழுத்தைப் பிழையாய்ச் சொல்லியிருக்கலாம்.
அதனால் அங்கே யாரும்
பிழைத்திருக்க மாட்டார்கள்.
அவள் பெயர் பிழைத்திருக்கும்.