கூழுக்கு அனுமதி உண்டு

டர்பன், வெஸ்ட் தெரு, மூன்றாம் மாடி.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
கார்பன் தாள்மேல் ஒரு கூழாங்கல்.
தட்டச்சு செய்கிறேன்:
"மாட்சிமை மிக்க நகரசபைக்கு,
தங்கள் ஊழியர்களாகிய
கேட்டோ மேனர் மாரியம்மன் கோயில் கமிட்டியார்…"

சாலை போட வந்தவர்கள்
தகரக் கூரையை மடித்து எடுத்துப் போனார்கள்.
அம்மன் இப்போது
தலைவர் குழந்தைவேலுவின் கராஜில்,
பழைய டயர்களுக்கு நடுவே.

வக்கீல் ஸெலிக் பெர்லோவ்
"ஊழியர்கள்" மேல் விரலை வைத்தார்.
எங்கள் ஆட்களும் இப்படித்தான் எழுதினார்கள், என்றார்.

நைல் நதியில் ஒரு தீவு. பாரசீக ராஜாவின் பாளையம்.
கூலிக்கு வேல் பிடித்த யூதர்கள்.
அவர்களுக்கென்று சபை, அவர்களுக்கென்று பூசாரிகள்,
ஆனாலும் பண்டிகைத் தேதிக்கு
ராஜாவின் பெயரில் ஓலை வரும்.
அடுத்த கோயிலில் ஆட்டுத்தலைச் சாமி.
அதன் பூசாரிகள் அதிகாரிக்கு வெள்ளி கொடுத்து
இவர்கள் கோயிலை இடிக்க வைத்தார்கள்:
ஐந்து கல்வாசல், வெண்கலக் கீல், தேவதாருக் கூரை.
யெதோனியா ஆளுநருக்கு எழுதினார்.
கோணி உடுத்தினோம். எண்ணெய் வைக்கவில்லை.
எங்கள் மனைவியர் விதவைகள் போலானார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு துண்டுக் குறிப்பு வந்தது:
கட்டிக்கொள்ளலாம்.
மாவும் சாம்பிராணியும் படைக்கலாம்.

"பலி?" என்றேன்.
"அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
இல்லாத சொல்லுக்குத்தான் அவர்கள் கீழ்ப்படிந்தார்கள்."
பிறகு கண்ணாடியைத் துடைத்தபடி,
"அந்த எண்ணெய் வரியையும் சேர்த்துக்கொள்,
ஒருமுறை பலித்த வரி."

சேர்த்தேன்.
பின்கழுத்தில் வழிந்த தேங்காயெண்ணெயை
கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே
எங்கள் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை
என்று அடித்தேன்.
தாளின் ஓரத்தில் விழுந்துவிட்டது
என் கட்டைவிரல், மினுமினுப்பாக.

நகரசபைக்கு நாலே மாதம்தான் ஆனது.
செங்கல் சுவர் எழுப்பலாம்.
ஒன்பது மணிவரை உடுக்கை அடிக்கலாம்.
கூழ் காய்ச்சலாம், சாம்பிராணி போடலாம்.
ஆட்டைப் பற்றி மட்டும்
பாரசீகரைப் போல மௌனமாக இருக்க
இவர்களுக்குத் தெரியவில்லை:
சுகாதார விதி, உட்பிரிவு ஏழு.

"கூழுக்காவது விட்டானே" என்று
குழந்தைவேலு கையெழுத்துப் போட்டார்.
நேர்ந்துவிட்ட கிடா
அவர் வீட்டுச் செவ்வந்தியை மேய்ந்துகொண்டிருக்கிறது,
சட்டம் தெரிந்ததுபோல.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்.
யெதோனியாவுக்கும் மனைவி ஒருத்தி இருந்திருப்பாள்,
பெயரை யாரும் எழுதவில்லை.
விண்ணப்பம் படகேறிய அன்று
எண்ணெய்க் குடுவையை
எந்தப் பானைக்குப் பின்னால் வைத்தாளோ.