நாற்பத்தொரு கம்பங்கள்

முதல் தலைப்பு: நொய்யலும் சாயக்கழிவும்.
சம்பூரணம் மேடம் கண்ணாடியைக்கூட ஏற்றவில்லை.
"அந்த ஆத்துல தண்ணி ஓடுனதைவிட
ஆய்வேடு ஓடுனது நெம்ப."

இரண்டாவது: பின்னலாடை ஏற்றுமதி, ஒரு பார்வை.
"யாரு பார்வை? ஏரோப்ளேன்ல போறவன் பார்வையா?"
பச்சை மையில் ஒரு கோடு.
வெள்ளிக்கிழமைக்குள் வேறு கொண்டுபோகணும்.

புதன் காலை பி.என். ரோட்டில்
பஸ் நகரவேயில்லை.
ஜன்னலுக்கு ஒரு முழத்தில் மின்கம்பம்,
அதில் பசை காயாத தாள்:
ஆட்கள் தேவை.
ஓவர்லாக் 4, பேட்லாக் 2, செக்கிங் பெண்கள் 6,
சிங்கர் டெய்லர் உடனடியாக.
அதன் கீழே இந்தி. அதற்கும் அடியில்
போன வாரத்துத் தாள் எட்டிப் பார்த்தது,
அதே போன் நம்பர், அதே ஓவர்லாக்,
அப்போது 2.

ஒரு வாரத்தில் இன்னும் ரெண்டு பேர்
எங்கே போனார்கள்?

டிக்கெட்டின் பின்னால் கிறுக்கி வைத்தேன்.

ராத்திரி திட்டம்:
புஷ்பா ஸ்டாப்பிலிருந்து போயம்பாளையம் பக்கமாக
நாற்பத்தொரு கம்பம்.
சனிக்கிழமை சம்பளம், அதனால் எண்ணுவது திங்கட்கிழமை,
புதுத் தாள் பழையதை மூடுமுன்னே, ஆறரைக்குள்.
பத்து வாரம். தீபாவளி போனஸ் வாரம்
கட்டாயம் உள்ளே வரணும்.
மழை பெய்தால்?
(பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.)
போன் போட்டால் வேலை தேடுகிறவளாக நடிக்கக்கூடாது,
ஆய்வு என்று முதலிலேயே சொல்லணும்.
சொன்னால் வைத்துவிடுவார்கள்.
வைத்துவிட்டார்கள் என்பதற்கும் ஒரு கட்டம்.

செக்கிங் முடித்து பத்தரைக்கு வந்த கனகாம்பிகை
சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.
"ஏனம்மணி, சம்பளம்னு ஒரு கட்டம் போட்டிருக்கறே,
எந்தக் கம்பத்துல அதை எழுதியிருக்கறாங்க?"

எதிலும் இல்லை.
அழிக்கப்போன ரப்பரை
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
கட்டம் இருக்கட்டும். காலியாகவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மேடம் ரெண்டு தரம் படித்தார்.
"ஏன் நாப்பத்தொண்ணு?"
அதுக்கு மேல நடந்தா
முதல் பீரியட் போயிருமுங்க மேடம்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
"இதை அப்படியே எழுது,
ஆய்வின் வரம்புகள்ங்கிற தலைப்புல."

திங்கட்கிழமை மழை.
எட்டாவது கம்பத்தில் ஸ்கெட்ச் பேனா எழுத்து
நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது.
ஓவர்லாக் தெரிகிறது,
எத்தனை என்பது தெரியவில்லை.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
ஒன்பதாவதுக்கு நடந்தேன்.