கோப்பு 212 முதல் 297 வரை

பசோவித்ஸா மேட்டில் போராக் காற்று அடிக்கும் இரவு.
மணிக்கு நூறு கிலோமீட்டர் என்றது வானொலி.
வளையத்துக்குள் ஓடும் எலெக்ட்ரான்களுக்கு
அந்தச் சேதி எட்டவில்லை.

துயீனோ கடலில் பதினொரு குளிர்காலம்
சிப்பிக் கொத்துகளைச் சுமந்த கயிற்றிலிருந்து
ஓர் இழை உருவி வந்திருந்தேன்.
பாலிப்ரோப்பிலீன். இன்னும் உப்பு வாடை.
இரண்டு கவ்விகளுக்கு நடுவே மாட்டி
ஈயக் கதவைச் சாத்தினேன்.
உள்ளே ஆளில்லை என்று சைரன் மூன்று முறை கூவி
ஒப்புக்கொண்ட பிறகுதான்
எக்ஸ்-கதிர் திறந்தது.

திரையில் வெளிறிய ஒரு வளையம்,
ஈரக் குவளை மேசையில் விட்ட தடம் போல.
அதன் ஆரத்தைக் கொண்டு
படிகத் தகடும் தகடும் விலகி நிற்கும் தூரத்தைக் கணக்கிடலாம்:
பன்னிரண்டு நானோமீட்டர்.
இழுத்தால் தகடுகள் சாயும், உடையும்,
நாராய்த் திரும்பும்.
வளையம் இரண்டு பிறையாகும்.
நான் விழித்திருந்தது அந்தப் பிறைகளுக்காக.

"மங்குது பாருங்க" என்றேன், மணி இரண்டு.
நிஜமாகவே மங்கியது.
கிழட்டுக் கயிறு இவ்வளவு சீக்கிரம் தளருமா!
ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்குத்
தலைப்புகூட வைத்துவிட்டேன்.

மூன்று இருபதுக்கு உள்ளே போன துல்லியோ
கையில் ஒரு கேபிளோடு வந்தார்.
"நீவெஸ், இழுக்கிற மோட்டாருக்குக் கரண்டே இல்லை."

யாரும் இழுக்கவில்லை அதை.
ஒரு மைக்ரான்கூட நகரவில்லை.
எண்பத்தாறு படம், ஒரே இடத்தில்,
அரை அரை நொடியாய்ப்
பார்த்துப் பார்த்தே
சங்கிலிகளை அறுத்திருக்கிறேன்.

துல்லியோ சிரிக்கவில்லை.
மோர்ட்டதெல்லா வைத்த ரொட்டியில்
பாதியைப் பிய்த்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
212 முதல் 297 வரை, இழுவிசை சுழியம்.
அழிக்கப் போன விரலை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அதே கயிற்றில் இன்னோர் இழை.
இந்த முறை மோட்டார் முனகுவதைக் காதால் கேட்டுவிட்டு,
படத்துக்குப் படம் கால் மில்லிமீட்டர் தள்ளி,
ஒருமுறை பார்த்த இடத்தை
மறுபடி பாராமல்.

விடிகிற நேரம் பிறைகள் வந்தன,
மேலே ஒன்று, கீழே ஒன்று.
ஆறு ஐம்பதுக்கு இழை அறுந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை.

கைபேசியில் கயிற்றுக்காரன் ஸ்தோயன்:
"இன்னொரு குளிர்காலம் தாங்குமா?"
கார் அருகே நின்று
"புதுசு வாங்கிடு" என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள்
கதவைக் கையோடு பறித்தது காற்று.