ஏழாம் நம்பர் இரும்பு

துக்கானில் வெள்ளிக் காலை ஐந்தரை.
மணல்தான் மைதானம்;
கக்கத்தில் ஒரு துண்டு பச்சைப் பாய்,
அதை விரித்த இடம்தான் புல்.
கடற்பக்கக் காற்று
சட்டையை மட்டும் அசைக்கிறது.

ஏழாம் நம்பர் இரும்பு நூற்றைம்பது கெஜம் போகும்.
கொடி நிற்பதோ நூற்றிருபதில்.
வேகத்தைக் குறைத்தால் பந்து
பாதியில் படுத்துக்கொள்கிறது;
பயந்து அடித்தது அதற்குத் தெரிந்துவிடும்.

கைப்பிடியில் இரண்டு விரல் கீழே பிடித்தேன்.
தோளுயரம் வரை மட்டும் தூக்கினேன்.
இறக்கும்போது மிச்சம் வைக்கவில்லை.

எண்ணெய் தெளித்த கறுப்பு வட்டத்தில்
பந்து ஒருமுறை குதித்து
நின்றது.

"ஒன்பதை எடுத்திருக்கலாமே" என்றான் சகாய ரூபன்.
எடுத்திருக்கலாம்.
போன மாதம் அதை
ஒட்டகங்கள் நின்ற பக்கம் வீசியெறிந்தேன்.
எத்தனை கெஜம் போனதென்று
யாரும் அளக்கவில்லை.