நாலேகால் அங்குலம்

வங்கிக் கிளையை மூடிய அன்று
கண்ணாடித் தடுப்பை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.
பத்தொன்பது வருடம் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.
எனக்கு ஒரு கேக், ஒரு காசோலை.
காசோலையை மாற்ற
அபர்தீன் வரை பஸ்ஸில் போகவேண்டியிருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பையன்
திரையை என் பக்கம் திருப்பினான்.
முதியோர் இல்லம், இரவுப் பணி.
மீன் பொட்டலம் கட்டும் இடம், அதுவும் இரவுதான்.
கோல்ஃப் மைதானம், புல் பராமரிப்பு, பயிற்சி நிலை.
"ஆனால் உங்கள் வயதுக்கு..." என்று இழுத்தான்.
நாற்பத்து நான்கு என்று
நானே முடித்து வைத்தேன்.

டிராக்டர் கொட்டகையில் நேர்காணல்.
தலைமைப் பராமரிப்பாளர் ஃபெர்கஸ் டுதிக்கு இருபத்தாறு வயது,
கன்னத்தில் கிரீஸ்.
கோல்ஃப் ஆடுவீர்களா?
இல்லை.
முதுகு வலி?
உண்டு.
காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?
எப்படியும் தூக்கம் வருவதில்லை, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டான்.
அந்த ஒரு பதிலுக்குத்தான்
வேலை கிடைத்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்.
மற்றவர்கள்
பை தூக்குகிறார்கள், சூப் காய்ச்சுகிறார்கள்,
ஒற்றைக் கையுறைக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள்,
குளத்தில் முங்கிப் பந்து பொறுக்குகிறார்கள்.
நான் குழி வெட்டுகிறேன்.

விடிகாலை நாலரை. கடல்மூட்டம்
மைதானத்தின் பாதியைத் தின்றிருக்கும்.
நீளக் கழியால் பனித்துளியை அடித்துத் தள்ளி
வெட்டியை நட்டு
இரண்டு கையாலும் திருகி இறக்குவேன்.
நாலேகால் அங்குல அகலம்,
உலகம் முழுக்க அதே அளவு.
உருளையாய் எழுந்துவரும் மண்ணில்
மேலே புல், கீழே மணல்,
நடுவில் ஒரு புழு, பாவம், அரைத் தூக்கத்தில்.
அதை அப்படியே தூக்கிப்போய்
நேற்றைய குழியை அடைத்து
காலால் மிதித்துச் சமன் செய்வேன்.

"குழி பறிப்பதற்கெல்லாம் சம்பளமா?"
போனில் என் தங்கை ஷோனா.
பத்தொன்பது வருடம் எனக்குப் பறித்தவர்கள்
என்னைவிட நாலு மடங்கு வாங்கினார்களே, என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
லைன் துண்டித்துப்போனது.

முதல் மாதம் பதினொன்றாம் புல்தரையில்
குழியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.
கொடிக்கம்பம் சாய்ந்து நின்றது, குடிகாரன் மாதிரி.
ஃபெர்கஸ் ஒன்றும் சொல்லவில்லை.
மண்டியிட்டுப் பார்த்தான். எழுந்து போனான்.
அன்று சாயங்காலம் சமையலறையில்
மாவு பிசையும் பலகைக்கு எதிரே நின்று
இல்லாத வெட்டியைத்
திருகித் திருகிப் பார்த்தேன்.

ஜூலையில் இம்ரி வந்தார்.
வெள்ளிதோறும் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணச் சொன்னவர்.
அவர் கணக்கில் எத்தனை மாதம் பள்ளம் விழுந்தது,
மகன் எப்போது அதை நிரப்பினான்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அவர் தட்டிய பந்து விளிம்பைச் சுற்றி
வெளியே வந்து நின்றது.
"எந்தக் கிறுக்கன் இங்கே குழி வைத்தான்!"

பத்தடி தள்ளி மணலை வாரிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தேன். என் முகத்துக்கும் அவருக்கும் நடுவில்
கண்ணாடி இல்லை, பெயர் அட்டை இல்லை.
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
கிறுக்கன் இல்லை ஐயா, கிறுக்கி
என்று சொல்லியிருக்கலாம்.
காலை வணக்கம், என்றேன்.

நேற்றைய குழி எங்கே இருந்தது என்று
இன்று காட்ட முடியும் என்னால்.
பத்து நாளைக்குக் காட்ட முடியும்.
அப்புறம் ஃபெஸ்க்யூ வேர் கோத்துக்கொள்ளும்,
எனக்கே தெரியாது.

இலையுதிர்காலத்தில் சான்றிதழ்த் தேர்வு.
பாசியின் வகைகள் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.
சம்பளம் மாதக் கடைசியில்
கைப்பேசியில் வந்து விழுகிறது,
யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை.
கொட்டகைக்குப் பின்னால் நின்று
கையுறையைக் கழற்றி, விரல் மண்ணைத் துடைத்து
நானே எண்ணிக்கொள்கிறேன்,
இரண்டு தரம்.