ஒருமை இல்லாத சொல்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ராத்திரி ரெண்டே கால்.
கேஸ் ஷீட்டுக்கு அடியில் என் ஜெர்மன் நோட்டு.
முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறு தோறும் வகுப்பு.
பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

ஒன்று பலவாக அங்கே ஒரே வழி கிடையாது.
சில சொல்லுக்கு வால் முளைக்கிறது.
சிலதின் தலையில் ரெண்டு புள்ளி,
ட்ரிப் பாட்டிலில் அடுத்தடுத்து விழும் சொட்டு மாதிரி.
ஜன்னல் மட்டும் ஒன்றானாலும் நூறானாலும்
ஃபென்ஸ்டர்தான். அதைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம்.

"ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணுட்டி, வேற வழியில்ல"
என்கிறாள் போன பேட்ச் ஜெபக்கனி,
டார்ட்முண்டிலிருந்து, வாய்ஸ் மெசேஜில்.

எங்கள் பக்கம் கள் பனையிலிருந்தே இறங்கக் கூடாது,
பேச்சில் எங்கே இறங்கும்?
பத்து வாழைத்தார், மூணு ஆடு, அஞ்சு பிள்ளை.
எண்ணைச் சொன்ன பிறகு எதற்கு வால்?

தாய், முட்டர். ரெண்டு புள்ளி வைத்தால் தாய்மார்.
குடும்பம், ஃபமீலியெ. ஒரு ன் போட்டால் குடும்பங்கள்.
இதை மட்டும் ஒரே தடவையில் படித்துவிட்டேன்:
அய்யாவுக்குக் குடும்பங்கள்.
வீரவநல்லூரில் நாங்கள். மற்றது கோவில்பட்டியில்,
தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால்.
போய்ப் பதினோரு வருஷம். அம்மா இன்னும்
"அவிய சாப்பிட்டாவளோ என்னமோ" என்கிறாள்.
ஒற்றை ஆள். இல்லாத ஆள்.
அவருக்குப் போய் பன்மை.

நாற்பத்து மூணாம் பக்கம்: எல்டெர்ன், பெற்றோர்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: ஒருமை கிடையாது.
தமிழிலும் கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது.
விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குள்
அம்மா பேரை மட்டும் எழுதினால்
இலக்கணப் பிழையா, வேறு பிழையா?
ஜெபக்கனியைக் கேட்கலாம். அங்கே இப்போது பத்தே முக்கால்தான்.

பதினாலாம் கட்டில் முனகுகிறது.
வலிக்குக்கூட அவர்களிடம் பன்மைதான், ஷ்மெர்ட்சன்.
முதுகில் ஒன்று, முட்டியில் ஒன்று என்று பிரித்து வைப்பார்களோ.
பேரிலேயே பல இருக்கிற பலவேசத்துக்கு
வலி ஒன்றே ஒன்று, உச்சி முதல் உள்ளங்கால் வரை.
"தாயி, என்னத்தையாவது குடு."

தட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.
"எத்தன?"
"ரெண்டு மாத்திர."
கள் இல்லாமலே விழுங்கிவிட்டுத்
திரும்பிப் படுத்தார்.