தேய்மானத்துக்கு நானூறு வெள்ளி

சூலியா தெரு சிக்கந்தர் பாவா
நானூறு வெள்ளி குறைத்தார்
தேய்ந்துபோன இரண்டு வட்டங்களுக்காக.
"ஒஸ்மானியர் காலத்துத் தொழுகை விரிப்பு.
முழுசா இருந்தா
உங்க பல் கிளினிக்கை விக்கணும், டாக்டர்."

பினாங்கு ஈரம் பூச்சியைக் கூப்பிடும்;
அறையில் ஓர் இயந்திரம்
இரவெல்லாம் காற்றைப் பிழிகிறது.
கிலிம்கள் சுருண்டு கிடக்க
இதை மட்டும் விரித்தேன்.

பூதக்கண்ணாடியோடு குனிந்து
முடிச்சு முடிச்சாய் எண்ணினேன்:
மிஹ்ராபின் நீலம்,
கரையோரக் கார்னேஷன்.
வலது வட்டம் ஆழமில்லை.
இடதில் பாவு நூலே தெரிந்தது.
யாரோ இடப்பக்கம் ஊன்றியே
எழுந்திருக்கிறார், ஆயுள் முழுக்க.

எண்ணிக்கை தவறியபோதுதான் பார்த்தேன்
என் முழங்கால்கள் இருந்த இடத்தை.

தொழத் தெரியாதவன் நான்.
சட்டென எழப் பார்த்தேன்.
இடது கால் மரத்திருந்தது.

தண்ணீர் நிரம்பிவிட்டதென்று
இயந்திரம் கூவிக்கொண்டே இருந்தது.